கண்டக்டர் ஓரமா வெச்ச போட்டோ

இல்ல சார், நீங்களே சொல்லுங்க... இந்த போட்டோல நான் என்ன அவ்ளோ கேவலமாவா இருக்கேன்? நல்லா பாருங்க. தள்ளி வெச்சுப் பாருங்க. வெளிச்சத்துல பாருங்க. மூக்கு கொஞ்சம் பெருசா விழுந்திருக்கு, சரி, ஒத்துக்கறேன், அது கேமரா கோளாறு. மத்தபடி லட்சணமாத்தானே இருக்கேன்? சிரிச்ச மொகமாத்தானே இருக்கேன்? இந்த மொகத்தப் பாத்து "வேணாம்"னு ஒருத்தன் ஒதுக்குவானா சார்? அதுவும் கூடப் பொறந்தவன்! அதுவும் மூணு தடவ!

உங்க கார்டு எங்கயும் போகல சார், என் கைலதான் இருக்கு. முன்னும் பின்னும் ஒரே தாள்ல, ரெண்டு காப்பி, அதானே? ஆயிடும். ஜெராக்ஸ் மெஷின் சூடாகணும். அது என்னைய மாதிரி இல்ல, சூடாகறதுக்கு நேரம் எடுக்கும். உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், சுவத்துல சாஞ்சுக்கோங்க. வாட்ச்ச பாக்காதீங்க சார், நானே நாலு மணிக்குள்ள ஓடணும். உங்கள விட எனக்குத்தான் அவசரம்.

நாலு மணிக்கு என்னன்னு கேக்கறீங்களா? கேக்கலன்னாலும் சொல்றேன். டாக்டர் வந்து கையெழுத்து போடறாரு. எங்க? அதோ, தெருக்கோடில பச்சை கேட்டு போட்ட வீடு இருக்கு பாருங்க, அந்த ஹோம்ல. மனவளர்ச்சி கம்மியா இருக்கறவங்க பதினோரு பேர் இருக்காங்க அங்க. அதுல ஒருத்தன் என் தம்பி. அம்பத்தோரு வயசு. பேர் சொன்னா அங்க யாருக்கும் தெரியாது, "கண்டக்டர்"னு கேளுங்க, வாட்ச்மேன்ல இருந்து டாக்டர் வரைக்கும் தெரியும். தோள்ல ஒரு பை, கைல ஒரு கட்டு டிக்கெட்டு. டிக்கெட்டுன்னா... இதோ, இந்தக் கழிவுத் தாள் இருக்கே, நான்தான் நறுக்கி கட்டுக் கட்டாக் குடுப்பேன். உள்ள நுழையறவங்க எல்லாருக்கும் "எங்க போகணும்?"னு கேட்டு ஒண்ணு கிழிச்சுக் குடுப்பான். டிக்கெட் இல்லாம சோத்துக்குக்கூட உக்கார விட மாட்டான். ஒரு தடவ ஹோமுக்கு மேலதிகாரி ஒருத்தர் சோதனை போட வந்தாரு. அவரையே வாசல்ல நிக்க வெச்சுட்டான், "சில்லறை இல்லன்னா எறங்கு"ன்னு! ஹா... அவரும் எறங்கிட்டாரு சார், பாவம்!

அவனுக்கு பொறந்ததுல இருந்தே இதயத்துல கோளாறு. பத்து வயசத் தாண்ட மாட்டான்னு அன்னிக்கு ஒரு பெரிய டாக்டர் சொன்னாரு. அந்த டாக்டர் போய்ச் சேந்தே இருபது வருஷம் ஆச்சு, இவன் இன்னும் டிக்கெட் கிழிச்சுட்டு இருக்கான். ஆனா இப்ப... இப்ப நெஜமாவே முடியல சார். நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. கால் வீங்கிக்குது. ஒரு வருஷம்ங்கறாங்க. கம்மியாவும் இருக்கலாமாம்.

சரி, அதுக்கு என்ன பண்ணணும்? கூடுமான வரைக்கும் அவனுக்குத் தெரியாமப் பாத்துக்கணும், நல்ல நல்ல வார்த்தையா நாலு சொல்லணும், அதானே? நான் அப்படித்தான் நெனச்சேன். அங்க போன வருஷம் புதுசா ஒரு நர்ஸம்மா வந்துச்சு. சின்ன வயசுதான், ஆனா நெஞ்சழுத்தம்! "அக்கா, அவரோட சாவு அவரோடது. எப்படி இருக்கணும், எங்க இருக்கணும், யார் பக்கத்துல இருக்கணும்... அவர்கிட்டதான் கேக்கணும்"னுச்சு. எனக்கு வந்தது பாருங்க ஆத்திரம்! ஏம்மா, அவனுக்கு சட்டை பட்டன நேராப் போடத் தெரியாது, அவன்கிட்ட போய் சாவப் பத்திக் கேப்பியான்னேன். "பட்டன் வேற, இது வேற"ன்னுச்சு. அசையலயே!

அதுக்குப் படம் போட்ட அட்டையெல்லாம் வேணும்னு என்கிட்டயே வந்துச்சு. நானே லேமினேட் பண்ணேன் சார்! ஒரு குமிழி கிடையாது, மூலையெல்லாம் வட்டமா வெட்டி, குத்தாம. ஆஸ்பத்திரிக் கட்டில், ஊசி, மூக்குல குழாய், ஆம்புலன்ஸ், அவனோட சொந்தக் கட்டில், மீன் தொட்டி, ரேடியோ, பஸ்ஸு... அப்புறம் ஆளுங்க போட்டோ. என் போட்டோவ மட்டும் ரெண்டு போட்டேன், ஒண்ணு கிழிஞ்சா ஒண்ணு இருக்கட்டும்னு. அதான் இது. ஆசையாசையா என் மொகத்த நானே பிளாஸ்டிக்குல அடைச்சுக் குடுத்தேன், தள்ளி வெக்கறதுக்கு!

லேமினேட் பண்றதுல ஒரு சங்கடம் இருக்கு சார், தெரியுமா? போன மாசம் ஒருத்தர் மருந்துச் சீட்ட லேமினேட் பண்ணிக்கிட்டுப் போனாரு. நான் சொன்னேன், வேணாம் ஐயான்னு. கேக்கல. டாக்டர் அடுத்த தடவ அதுல எழுதப் பாக்கறாரு, பேனா வழுக்குது, வழுக்குது... கடைசில அவர் சட்டையில எழுதி விட்டிருக்காரு! நெஜமா சார்! அவன் கடைசி நாளுக்கு என்ன வேணும், என்ன வேணாம்னு எழுதின இந்த ஃபாரத்தையும் லேமினேட் பண்ணிடவான்னு அந்த நர்ஸம்மாகிட்ட கேட்டேன். "ஐயோ வேணாங்கா, இது அடிச்சு அடிச்சுத் திருத்தற தாள், மனசு மாறும்ல"ன்னுச்சு. என்ன மாறும்? மூணு வாரம், மூணு தடவ கேட்டாச்சு, மூணு தடவயும் அதே பதில். இன்னிக்கு டாக்டர் கையெழுத்து போட்டா முடிஞ்சுது. அன்னிக்கு ஹோம்ல எந்த ஷிஃப்ட்ல யார் இருந்தாலும் இந்தத் தாளப் பாத்துத்தான் நடப்பாங்க.

பிஸ்கட் எடுத்துக்கோங்க சார். எடுத்துக்கோங்க, மெஷின் இன்னும் சூடாகல. இந்தத் தாள்ல வெக்கறேன். ரெண்டு சாதா, ஒண்ணு கிரீம். சங்கோசப்படாதீங்க.

எப்படிக் கேட்டாங்கன்னா... ரெண்டு தட்டு. வேணுங்கறத முன்னாடி இருக்கற தட்டுல வெக்கணும். வேணாங்கறத இடது பக்கம் இருக்கற தட்டுல ஒதுக்கி வெச்சுடணும். அவ்ளோதான். என்னைய ரூமுக்கு வெளிய உக்கார வெச்சுட்டாங்க. "நீங்க இருந்தா அவர் உங்க மொகத்தப் பாத்துப் பாத்து பதில் சொல்றார்"னு. அதுவும் ஒரு குத்தம்! அப்புறம் கதவத் தொறந்துக்கிட்டு வந்து, அந்த நர்ஸம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, "அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க... உங்க போட்டோவ ஒதுக்கி வெச்சுட்டார்"ங்குது. மனசுல வெச்சுக்காம வேற எங்க வெக்கறது?

"ஆனா தைரியசாலிக்கா! ஊசி, குழாய், ஆம்புலன்ஸ் எல்லாத்துக்கும் சரின்னுட்டார்"னு வேற பெருமை. ஊசிக்கா? அவனா? தடுப்பூசி போடறப்ப மூணு பேர் புடிச்சும் மேஜைக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டவன் சார் அவன்! கொசு கடிச்சாலே ஊரக் கூட்டுவான்! சரி, வயசாச்சு, பக்குவம் வந்துடுச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன். எல்லாத்துக்கும் பக்குவம், அக்கா மட்டும் வேணாம்!

ஏன்னு எனக்குத் தெரியும் சார். அதான்... அதான் என்னைய அறுக்குது. வெளிய சொன்னதில்ல. நீங்க யாரோ, ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போயிடுவீங்க, உங்ககிட்ட சொன்னா என்ன.

எங்கம்மா தவறினப்ப அவனுக்கு முப்பத்தேழு வயசு. "அம்மா எங்க?"ன்னு கேட்டான். நான் என்ன சொல்லியிருக்கணும்? எனக்கு வாய் வரல சார். அம்மா பஸ்ல போயிருக்காங்கன்னுட்டேன். "எந்த பஸ்?"னான். அப்பவே கண்டக்டர்தானே அவன், நம்பர் இல்லாம விடுவானா? வாய்க்கு வந்தது, பதினேழுன்னேன். அவ்ளோதான். அன்னியில இருந்து ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு பதினேழாம் நம்பர் வரப்பல்லாம் எழுந்து நிப்பான். மழையா இருந்தா அம்மா நனைவாங்கன்னு குடையோட நிப்பான். பதிமூணு வருஷம் சார். இன்னிக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு பதிமூணு வருஷம் ஓட்டிட்டேன். போன வருஷம் இந்த நர்ஸம்மா வந்து பக்கத்துல உக்காந்து சொல்லிடுச்சு. "அம்மா செத்துட்டாங்க. அவங்க உடம்பு நின்னு போச்சு. திரும்ப வர மாட்டாங்க." பச்சையா, அப்படியே. ஒரு நாள் பூரா அழுதான். அடுத்த நாள் சாப்ட்டான். அதுக்கு அடுத்த நாள் நான் போனேன், என் மொகத்துக்கு நேரா விரல நீட்டி, "நீ பொய் சொன்ன"ன்னான். ஒரு வாரம் எனக்கு டிக்கெட்டே கிடையாது. இப்பவும் எந்த நம்பர் கேட்டாலும் எனக்குக் குடுப்பான், பதினேழு கேட்டா மட்டும் "வண்டி ஃபுல்லு"ம்பான்.

அதுக்குத்தான் பழி வாங்கறான். பொய் சொன்ன அக்கா கடைசில பக்கத்துல எதுக்குன்னு நெனச்சிருப்பான். நியாயம்தானே? நியாயம்தான்... ஆனா வலிக்குது சார். அம்மா பக்கத்துல நான் இருந்தேன். இவன் பக்கத்துல இருக்கறதுக்குத்தான் இத்தன வருஷமா ஊர விட்டு நகராம இந்த மெஷினக் கட்டிக்கிட்டு அழறேன். கூப்பிட்டா ரெண்டு நிமிஷத்துல ஓடற தூரத்துல கட தேடினேன். இப்ப ஃபாரத்துல பாருங்க, நாலாவது வரி, "அக்கா: தேவையில்லை என்கிறார்." அதுக்கு மேல நான் படிக்கல. போட்டோ வேற இணைச்சிருக்காங்க, தட்டு ரெண்டையும் எடுத்தது. கவுத்து வெச்சுட்டேன், அதப் பாக்கவே மாட்டேன். இதுக்கு மூணு காப்பி வேணுமாம், அதையும் நானே எடுத்துக் குடுக்கணுமாம்! என்ன ஏத்தம் பாருங்க!

அவன்கிட்ட அவனோட இதயத்தப் பத்திச் சொன்னப்ப மட்டும் நான் இருந்தேன். "உங்க இதயம் களைச்சுப் போச்சு"ன்னு நர்ஸம்மா சொல்லுது. "ரிப்பேரா?"ங்கறான். ஆமா, ஆனா ரிப்பேர் பண்ண முடியாதுன்னுச்சு. பைய ஒரு தடவ தடவிக்கிட்டான் சார். "அப்ப டிப்போ"ன்னான். அவ்ளோதான்! நாங்க ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே சிரிக்கறோம், அவன் எங்களுக்கு ஆளுக்கொரு டிக்கெட் கிழிச்சுக் குடுக்கறான், அழறவங்களுக்கு அரை டிக்கெட்டாம்!

ஆங், பச்சை லைட் வந்துடுச்சு. மொதல்ல என்னோடத போட்டுடறேன் சார், கோச்சுக்காதீங்க, நாலு மணி. அப்படியே கவுத்து வெச்சாப் போதும், நான் பாக்க வேண்டியதே இல்ல... போடு, போடு. சத்தம் அப்படித்தான் வரும், பயப்படாதீங்க.

ஏன் சார், அந்த கிரீம் பிஸ்கட்ட தனியா வெச்சுட்டீங்க? புடிக்காதா? அட, புடிக்கும், அதான் கடைசிக்கு வெச்சிருக்கீங்களா! சிரிக்கறீங்க. நீங்களும் அந்தக் கட்சியா! என் தம்பியும் அப்படித்தான் சார். தட்டுல என்ன போட்டாலும் புடிக்காதத முன்னாடி வெச்சுக்கிட்டு மொதல்ல முழுங்கிடுவான், புடிச்சத ஓரமா எடுத்து வெச்சுடுவான். முட்ட குடுத்தா வெள்ளையத் தின்னுட்டு மஞ்சக்கருவ ஓரமா. பொரிச்ச உருளைக்கிழங்கா, கருகினத முன்னாடி, முறுகலா இருக்கறத ஓரமா. இன்னி வரைக்கும் அப்படித்தான்.

யார் சொல்லிக் குடுத்ததுன்னு நெனைக்கறீங்க? நான்தான்! சொன்னா வெக்கக்கேடு... எனக்கு ஒம்பது வயசு, அவனுக்கு அஞ்சு. "டேய், உனக்குப் புடிக்காதத முன்னாடி வெச்சு முடிச்சுடு. ரொம்பப் புடிச்சத இந்தப் பக்கம், இடது பக்கம் ஓரமா வை, கடைசில சாப்பிடலாம், அப்பதான் ருசி"ன்னு பாடம் எடுத்தேன். ஏன்னு கேளுங்க! அவனுக்கு இடது பக்கம் உக்காந்திருந்தது நான்! ஹா ஹா... கஷ்டப்பட்டு அத்தனையும் முழுங்கிட்டுத் திரும்பிப் பாப்பான், மஞ்சக்கரு இருக்காது! "எங்க போச்சு?"ன்னு என்னையவே கேப்பான். தட்டுக்கு அடியிலெல்லாம் தேடுவான் சார். அப்பவும் அடுத்த வேளைக்கு மறுபடி அதே இடது பக்கம், அதே ஓரம்... எத்தன வருஷம்! என்ன ஒரு நம்பிக்க அந்தக் கழுதைக்கு என் மேல... ம்... நல்லாருக்கு இந்த கிரீமு...

ஐயையோ. சார். உங்களோடதயா தின்னுட்டேன்? பேசிக்கிட்டே... பாருங்க, கை இன்னும் திருந்தல! இருங்க, வேற எடுத்துத் தர்றேன், டப்பால இருக்கு, இருங்க...

இருங்க.

இடது பக்கம்.

சார், அந்தக் காப்பி வெளிய வந்திருக்கா? எடுங்க. எடுத்துக் குடுங்க. இல்ல, போட்டோ இருக்கறது, அது. நீங்களே புடிங்க. சொல்லுங்க, முன்னாடி தட்டுல என்னென்ன இருக்கு? ஊசி. குழாய். ஆஸ்பத்திரிக் கட்டில். ஆம்புலன்ஸ். ஆமாவா? ஆமாதானே? இடது பக்கத் தட்டுல? மீன் தொட்டியா! அந்த மீனுங்களுக்கு தெனம் காலைல டிக்கெட் குடுக்கறவன் சார் அவன்! அத வேணாம்னு சொல்வானா? அப்புறம்? ரேடியோ. அவனோட கட்டில். பஸ்ஸு... பஸ்ஸு! சார், பஸ்ஸ வேணாம்னுட்டானாம்! கண்டக்டரு! எவனாவது நம்புவானா? நர்ஸம்மா நம்பிடுச்சே! நான் நம்பிட்டேனே!

அப்புறம் அந்த பஸ்ஸுக்கு மேல... மேல இருக்கறது யாரு? மூக்கு பெருசா?

ஐயோ சார்... ஐயோ... இல்ல, ஒண்ணுமில்ல, தண்ணி வேணாம், நான் சிரிக்கத்தான் செய்யறேன், கண்ணு அதுபாட்டுக்கு ஊத்துது. என்னைய தள்ளல சார் அவன். எடுத்து வெச்சிருக்கான். மஞ்சக்கருவோட, முறுகல் கிழங்கோட... என்னைய எடுத்து வெச்சிருக்கான். மூணு வாரமும்! ஊசியையும் குழாயையும் முன்னாடி வெச்சுக்கிட்டு, இதையெல்லாம் சீக்கிரம் முழுங்கித் தொலைக்கணும்னு உக்காந்திருக்கான், அத இவங்க தைரியம்ங்கறாங்க! நான் ஒம்பது வயசுல மஞ்சக்கருவுக்கு ஆசப்பட்டு சொல்லிக் குடுத்தது, இன்னிக்கு டாக்டர் கையெழுத்து வரைக்கும் வந்து நிக்குதே! ஃபாரம் மொத்தமும் தலைகீழா இருக்கு சார்! இது கையெழுத்தாச்சுன்னா அவன மேஜைக்கு அடியில இருந்து இழுத்துட்டுப் போய் குழாய மாட்டுவாங்க, என்னைய வாசல்ல நிக்க வெப்பாங்க!

மணி என்ன? மூணு அம்பது! செருப்பு எங்க? இந்த பிஸ்கட் டப்பாவ எடுத்துட்டுப் போறேன். நான் வாயால சொன்னா எடுபடாது, "அக்கா தனக்குச் சாதகமா பேசறாங்க"ம்பாங்க. அதுவும் சரிதான், அவன்தான் சொல்லணும். டாக்டர் கண் முன்னாடி ரெண்டு சாதா, ஒரு கிரீம் வெச்சுக் காட்டறேன். பாக்கட்டும். அப்புறம் அந்தத் தட்டெல்லாம் தூக்கிப் போட்டுட்டு டிக்கெட் கட்ட அவன் கைல குடுத்துக் கேக்கச் சொல்றேன். "கண்டக்டர், டிப்போ வரைக்கும் யாருக்கு டிக்கெட்?" அவன் பாஷைல கேளுங்கப்பா, அவன் சொல்லிட்டுப் போறான்! எனக்குக் குடுத்தா சரி. குடுக்கலன்னா... குடுக்கலன்னா நர்ஸம்மா எழுதினது எழுதினதுதான், நான் வாய மூடிக்கறேன். ஆனா குடுப்பான் சார். அந்தத் தட்டப் பாத்தீங்கல்ல. மேலாக்க வெச்சிருக்கான்ல, எல்லாத்துக்கும் மேல.

எங்க எழுந்துக்கறீங்க? உக்காருங்க! கடைய யாரு பாத்துக்கறது? உங்க கார்டு இந்தாங்க. மூடியத் தூக்குங்க, கவுத்து வைங்க, பச்சை பட்டன அமுக்குங்க, அப்புறம் திருப்பி வெச்சு மறுபடி பச்சை. யாராவது வந்தா அவங்களுக்கும் போட்டுக் குடுங்க. ஒரு அரைமணி நேரம் சார், உங்களப் பாத்தா நல்ல மனுஷனாத் தெரியுது. லேமினேஷன் கேட்டா மட்டும் நாளைக்கு வரச் சொல்லுங்க.

தெருவுல இருந்தே கத்தறேன் பாருங்க, பைத்தியம்னு நெனைக்கப் போறாங்க! நெனச்சுக்கட்டும்! சார், அவன் ஓரமா எடுத்து வெச்சத எல்லாம் இத்தன வருஷம் நான் தின்னுட்டேன்... இந்த தடவ ஒண்ணையும் தொட மாட்டேன் சார். அவன் வெச்ச எடத்துல போய் உக்காந்துக்கறேன், அவன் இடது பக்கம்... திரும்பிப் பாக்கறப்ப இருப்பேன்! பச்சை பட்டன் சார், பச்சை!